சந்தாபுரா வரை: பல் வைத்தியப் பயமும் அதைத் தணித்த மருந்துகளும்

பல் வைத்தியத்துக்குப் பயப்படுகிறவரை மருந்தால் அமைதிப்படுத்த இன்று நான்கு வழிகள் உண்டு. மூக்கு வழியாகத் தரும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு, வாய்வழி மாத்திரை அல்லது சிரப், ரத்தநாளத்தில் ஏற்றும் ஊசிமருந்து, மருத்துவமனையில் தரும் முழு மயக்கம். வாயுவும் முழு மயக்கமும் 19-ஆம் நூற்றாண்டில், பெரும்பாலும் பல் வைத்தியர்கள் கையில் பிறந்தவை. மற்ற இரண்டும் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்தவை. ஆனால் இந்தியப் பல் கிளினிக்கில் இவற்றையெல்லாம் முந்தி நிலைத்தது, வாயை மரத்துப்போகச் செய்யும் ஊசிதான்.

பெங்களூர்–ஓசூர் நெடுஞ்சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திரா தொழிற்பேட்டையையும் அடுத்து, ஆனேக்கலுக்குப் பிரியும் சாலையில் இருக்கிறது சந்தாபுரா. தமிழ்நாட்டு எல்லையான அத்திப்பள்ளி இன்னும் சில கிலோமீட்டர்தான். ஆனேக்கல் தாலுகாவின் கிராமமாக இருந்த ஊர், தொழிற்சாலைகள் வந்த பிறகு நகரமானது. நெடுஞ்சாலையின் மேம்பாலப் பாதை 2010-ல் திறந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திரா வரை வந்து நின்றது. சாலையோரப் பல் கிளினிக்குகள் இந்தப் பெருக்கத்தோடு வந்தவை. அதற்கு முன் இப்பக்கத்து மக்களுக்குப் பல்வலி என்றால் கைவைத்தியம், இல்லாவிட்டால் பஸ் ஏறி நகரத்து ஆஸ்பத்திரி.

கைவைத்தியத்தில் கிராம்பு எண்ணெய்க்கு முதலிடம். அதிலுள்ள யூஜினால் உண்மையிலேயே வலியை மரக்கச் செய்வது. துத்தநாக ஆக்சைடோடு குழைத்து இன்றும் பல் மருத்துவர்கள் தற்காலிக அடைப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். இன்னொன்று கண்டங்கத்திரி விதையைச் சுட்டு, அந்தப் புகையை வாயில் பிடித்துப் ‘பல்லில் புழு எடுப்பது’. இடைக்கால ஐரோப்பாவிலும் இதே வைத்தியம் நடந்தது. அங்கே எரித்தது ஹென்பேன் என்ற செடியின் விதை. இரண்டு செடியும் கத்தரிக் குடும்பம். சூட்டில் வெடித்த விதையிலிருந்து வெளிவந்த முளைக்கருவைத்தான் ஐரோப்பியர் புழு என்று நம்பினார்கள். ஆனால் ஹென்பேனில் ஸ்கோபலமின் என்ற மயக்கப் பொருள் இருப்பது பொய்யில்லை. அந்த ஸ்கோபலமின் 20-ஆம் நூற்றாண்டில் பல் நாற்காலிக்குத் திரும்பியது பிறகு வரும் கதை.

நவீன மயக்கம் பல் பிடுங்குவதில்தான் தொடங்கியது. 1844 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் கார்ட்னர் கோல்ட்டன் என்பவர் ‘சிரிப்பு வாயு’ எனப்பட்ட நைட்ரஸ் ஆக்சைடைக் காசுக்கு முகரவைக்கும் காட்சி ஒன்றை நடத்தினார். வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டும் வலி தெரியாமல் இருந்ததை அங்கிருந்த பல் வைத்தியர் ஹொரஸ் வெல்ஸ் கவனித்தார். மறுநாளே தாமே வாயுவை முகர்ந்து, ஜான் ரிக்ஸ் என்ற சக வைத்தியரைக் கொண்டு தம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கவைத்தார். 1845-ல் பாஸ்டனில் செய்துகாட்டியபோது நோயாளி கத்திவிட்டார். வெல்ஸ் கேலிக்கு ஆளானார். அவருடைய பழைய கூட்டாளியான வில்லியம் மார்ட்டன், அவரும் பல் வைத்தியரே, 1846 செப்டம்பர் 30-ல் ஈதர் என்ற இன்னொரு மயக்க மருந்தைக் கொடுத்துப் பல் பிடுங்கினார். அக்டோபர் 16-ல் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கே அதைக் கொடுத்துப் புகழ்பெற்றார்.

செய்தி இந்தியாவுக்கு வரக் கப்பல் பயணக் காலமே போதுமாக இருந்தது. 1847 மார்ச்சில் கல்கத்தாவில் ஈதர் கொடுத்தார்கள். மறு ஆண்டு ஜனவரியில் மற்றொரு மயக்க மருந்தான குளோரோபார்ம். ஈதரைவிடக் குளோரோபார்ம் இந்தியாவில் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. ஈதர் சுமார் 35 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். கோடையில் புட்டியைத் திறந்தாலே பறந்துவிடும், விளக்குத் தீயும் பற்றும். குளோரோபார்முக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. ஒரு கைக்குட்டையும் சில சொட்டுகளும் போதும்.

ஆனால் குளோரோபார்ம் திடீரென்று ஆளைக் கொன்றது. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் கால் நகத்தை எடுக்க வந்த 15 வயதுப் பெண் ஹன்னா கிரீனர் இறந்தது முதல், பல் பிடுங்குவது போன்ற சின்னச் சின்ன வேலைகளிலும் மரணங்கள் தொடர்ந்தன. சாவு மூச்சு நின்று வருகிறதா, இதயம் நின்று வருகிறதா என்ற சண்டை அரை நூற்றாண்டு ஓடியது. அதன் முக்கியமான களம் தக்காணத்து ஐதராபாத்.

அங்கே ரெசிடென்சி சர்ஜனாகவும் மருத்துவப் பள்ளியின் தலைவராகவும் இருந்த எட்வர்டு லாரி, எடின்பரோ மரபில் பயின்றவர். நாடியைப் பார்க்க வேண்டாம், மூச்சைப் பார்த்தால் போதும் என்பது அவர் வேதம். 1888-ல் நாய்களை வைத்து நடத்திய முதல் குளோரோபார்ம் கமிஷன் அதையே சொன்னது. லண்டனின் ‘லான்செட்’ இதழ் ஏற்கவில்லை. உடனே ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் 1000 பவுண்டு கொடுத்து, லான்செட்டே ஒரு நிபுணரை அனுப்பிச் சோதிக்கட்டும் என்றார். 1889-ல் லாடர் பிரன்டன் வந்தார். நானூறுக்கும் மேற்பட்ட விலங்குகள் சோதனைக்குள்ளாயின: நாய், குரங்கு, ஆடு, குதிரை எல்லாம். இதயத்தைச் சந்தேகித்து வந்தவர் லாரியின் கட்சிக்கு மாறினார். அதே பள்ளியில் படித்த ரூபாபாய் பர்தூன்ஜி அக்காலத்திலேயே மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரானார்; உலகின் முதல் பெண் மயக்கவியலாளர்களில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள்.

உழைப்பெல்லாம் பெரிது, முடிவு தவறு. 1911-ல் ஆல்ஃபிரட் குட்மேன் லெவி பூனைகளில் அதை நிரூபித்தார். லேசான குளோரோபார்ம் மயக்கத்தில் இருக்கும்போது உடலில் அட்ரினலின் கூடினால் இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடுகின்றன. ஐதராபாத் விலங்குகளுக்குக் கிடைத்ததோ ஆழமான மயக்கம்; அதனால் மூச்சே முதலில் நின்றது. பல் நாற்காலியில் நேர்ந்த மரணங்களுக்கும் இப்போது விளக்கம் கிடைத்தது. சீக்கிரம் முடிகிற வேலை என்று மருந்தைக் குறைவாகக் கொடுப்பார்கள்; நோயாளியோ நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்; பயமும் வலியும் அட்ரினலினைக் கொட்டும். அதிகம் பயந்தவருக்கே அதிக ஆபத்து. தைரியம் சொல்லி நோயாளியைத் தேற்றிய பழைய வைத்தியர், தமக்கே தெரியாமல் அவர் உயிரையும் காத்திருக்கிறார்.

இதற்கிடையே வேறொரு பாதை திறந்தது. 1884-ல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கொகெய்ன் சொட்டால் கண்ணை மரக்கச் செய்தார். அடுத்த சில மாதங்களில் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் கீழ்த்தாடை நரம்பை ஊசியால் மரக்கவைத்தார். 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் புரோகெய்ன், 1943-ல் சுவீடனின் நில்ஸ் லோஃப்கிரன் உருவாக்கிய லிக்னோகெய்ன். பிந்தையது 1948-ல் ஸைலோகெய்ன் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பெங்களூருக்கு அதில் ஒரு பங்கு உண்டு: 1979-ல் இங்கே தொடங்கிய அஸ்ட்ரா-ஐடிஎல் நிறுவனம் ஸைலோகெய்னை விற்றது. 2 சதவீத லிக்னோகெய்னும் 80,000-க்கு 1 பங்கு அட்ரினலினும் கலந்த ஊசியே இந்தியப் பல் கிளினிக்கின் அன்றாட மருந்து. வலி போய்விட்டது, ஆனால் ஊசியைப் பார்த்தே பயப்படுகிறவருக்கு அதுவே புதிய தடை.

இந்தியப் பல் மருத்துவக் கல்வி வளர்ந்ததும் இந்த ஊசிக் காலத்தில்தான். ரஃபியுத்தீன் அகமது 1920-ல் கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1948-ல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. பட்டம் இல்லாமல் தொழில் செய்துவந்தவர்களைச் சட்டம் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை; குறைந்தது 5 ஆண்டு அதுவே பிழைப்பாக இருந்தவர்களுக்குப் பதிவேட்டில் ‘பி’ பகுதி என்று ஓர் இடம் கொடுத்தது. நடைபாதையில் பல்செட் கட்டுகிறவர்கள் இந்த நூற்றாண்டிலும் பெங்களூர் பஸ் நிலையப் பக்கம் காணக்கிடைத்தார்கள். சென்னையில் 1953-லும் பெங்களூரில் 1958-லும் அரசுப் பல் மருத்துவக் கல்வி தொடங்கியது. பிறகு தனியார் கல்லூரிகள் பெருகி, கர்நாடகத்தில் நாற்பதைத் தாண்டின. ஓசூர் சாலையிலேயே பொம்மனஹள்ளியில் ஒன்று உண்டு. பட்டதாரிகள் பெருகியதால்தான் சந்தாபுரா போன்ற ஊருக்கும் கிளினிக்குகள் வந்தன. அவர்கள் கையில் திறமையாக இருந்தது ஊசி. பயத்தை மருந்தால் தணிப்பது பெரும்பாலும் பட்டமேற்படிப்பில், அதிலும் குழந்தைப் பல் மருத்துவத்தில் மட்டுமே பழகுகிற விஷயமாக நின்றது.

மேற்கில் பயத்தைத் தனி நோயாகவே பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். 1945-ல் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் நீல்ஸ் யோர்கன்சன், பென்டோபார்பிட்டல், மெப்பரிடின், ஸ்கோபலமின் மூன்றையும் ரத்தநாளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நினைவு இருக்கும்போதே நோயாளியைத் தளர்த்தினார். 1960-களில் டயாசிபாம் வந்ததும் பென்டோபார்பிட்டல் போன்ற பழைய பார்பிட்டரேட்டுகள் ஒதுங்கின. அதன்பின் குறைந்த நேரமே நிற்கும் மிடசோலம். 1968-ல் ஹாரி லாங்கா எழுதிய நூல், நைட்ரஸ் ஆக்சைடை ஆளை வீழ்த்தாத அளவில் கொடுக்கும் முறையைப் பரப்பியது. அதற்கு முன் பல காலம் கலப்பில்லாத வாயுவை முகரவைத்து, முகம் நீலமாகும் நேரத்துக்குள் பல்லைப் பிடுங்கிவந்தார்கள். 1969-ல் நார்மன் கோரா, நாளை பல் வைத்தியரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், காத்திருக்கும்போது எப்படி இருக்கும் என்பது போன்ற நான்கே கேள்விகளால் பயத்தை அளக்கும் முறையை வகுத்தார். 1995-ல் ஜெரி ஹம்ஃப்ரிஸ் அதைத் திருத்தியபோது சேர்த்த ஐந்தாவது கேள்வி ஊசியைப் பற்றியது.

நாற்காலியிலேயே முழு மயக்கம் கொடுக்கும் பழக்கம் பிரிட்டனில்தான் நெடுங்காலம் நீடித்தது. மரணங்களுக்குப் பிறகு 1990-ல் போஸ்வில்லோ அறிக்கை கட்டுப்பாடு கேட்டது. 2001 இறுதியோடு அது மருத்துவமனைக்கு வெளியே நின்றுபோனது. நினைவோடு தணிக்கும் முறைகளுக்கு மதிப்பு கூடியது இதனால்.

இன்று கிளினிக்கில் வாயு தரும் முறை இப்படி. நீல சிலிண்டரில் நைட்ரஸ் ஆக்சைடு, வெள்ளைத் தோள் கொண்ட கறுப்பு சிலிண்டரில் ஆக்சிஜன். முதலில் தனி ஆக்சிஜன். பிறகு நைட்ரஸைப் பத்துப் பத்து சதவீதமாகக் கூட்டுவார்கள். பெரும்பாலோருக்கு 30 முதல் 40-க்குள் கைகால் கதகதப்பாகி, விரல் நுனி சிலிர்த்து, உடல் தளரும். ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி கருவியே தடுக்கும். முடிவில் ஐந்து நிமிடம் மீண்டும் ஆக்சிஜன். சளி பிடித்து மூக்கடைத்தவருக்கு இது உதவாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தவிர்ப்பார்கள். வாயு மரக்கவைக்கும் ஊசிக்கு மாற்றும் அல்ல. ஊசியைப் பொறுத்துக்கொள்ளும் மனநிலையைத் தருவது.

குழந்தைகளுக்கு மிடசோலத்தை இனிப்பு நீரில் கலந்தோ மூக்கில் தெளித்தோ தருவதுண்டு. டிரைக்ளோஃபாஸ் சிரப் இந்தியாவில் பழைய வழக்கம். விழுங்கிய மருந்தை வாயுவைப் போல உடனே கூட்டவோ குறைக்கவோ முடியாது என்பது இதன் குறை. ரத்தநாளத்தில் ஏற்றுவதென்றால் மயக்கவியல் மருத்துவர், விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர், முறிவு மருந்தாக ஃபுளூமசெனில், முன்கூட்டியே பட்டினி எல்லாம் வேண்டும். வாயெல்லாம் சொத்தையுள்ள சின்னக் குழந்தைக்கும், ஒத்துழைக்க இயலாத மாற்றுத்திறனாளிக்கும் மருத்துவமனையின் முழு மயக்கமே பொருத்தம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் நாராயண ஹிருதயாலயா பொம்மசந்திராவில் தொடங்கியது முதல், பெரிய மருத்துவமனைக்காக இப்பக்கத்தார் நகரத்துக்குள் போக வேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது.

சட்டம் இரண்டு பக்கமிருந்து வருகிறது. டயாசிபாமும் மிடசோலமும் 1985-ன் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டத்துக்குள் அடங்குபவை, சீட்டில்லாமல் விற்கக்கூடாதவை. தொழிலை 1949 முதல் இந்தியப் பல் மருத்துவ மன்றம் ஒழுங்குபடுத்தியது. அதற்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையத்தை அமைக்கும் சட்டத்தை 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மற்றொரு தடை சட்டத்தில் இல்லை, வாழ்க்கையில் இருக்கிறது. மிடசோலமோ டயாசிபாமோ எடுத்தவர் அன்று முழுக்க வண்டி ஓட்டக்கூடாது, இயந்திரத்தில் கைவைக்கக்கூடாது, கூட ஓர் ஆள் வர வேண்டும். ஷிப்ட் முடிந்து இருசக்கர வாகனத்தில் தனியாக வரும் தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு இது லீவும் துணையும் சேர்ந்த செலவு. வாயுவென்றால் ஆக்சிஜனோடு சில நிமிடங்களில் தெளிந்துவிடுவதால், பெரியவர் பெரும்பாலும் அரைமணி உட்கார்ந்திருந்து தாமே வீடு திரும்பலாம்.