ஜெட் பம்பு: திறன் குறைவு

மோட்டார் ஓடியும் நீர்வரத்து சுருங்குவது அல்லது நின்றுவிடுவது ஜெட் பம்பின் திறன் குறைவு எனப்படும். ஜெட் பம்பு மையவிலக்கு வகையைச் சேர்ந்தது. மேலேறிய நீரில் ஒரு பகுதி ஆழ்துளைக் கிணற்றினுள் உள்ள ஜெட்டின் குறுந்துளை வழியே பீறிட, அங்கு அழுத்தம் குறைந்து கிணற்று நீர் இழுபடுகிறது. காற்றழுத்தத்தால் மட்டும் 10.3 மீட்டருக்கு மேல் நீரை உறிஞ்ச இயலாது. ஜெட் இந்த வரம்பைக் கடக்க உதவுகிறது.

உறிஞ்சு குழாயின் அடியில் நீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வின் கசிவே முதலில் ஐயுற வேண்டியது. அது கசிந்தால், பம்பை நிறுத்தியதும் குழாய் நீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். மறுமுறை ஓட்டும்போது நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் காற்றில்தான் சுழலும். ஜெட் துளையில் சிக்கிய துருத்துணுக்கு ஒன்றே போதும், வரத்து குறைந்துவிடும். கோடையில் நீர்மட்டம் இறங்குவதும், மும்முனை மோட்டார் எதிர்த்திசையில் சுழல்வதும் பிற காரணங்கள். மோட்டார் இழுக்கும் ஆம்பியர் வழக்கத்தைவிடக் குறைந்தால் பழுது நீர்ப்பாதையில் இருக்கும். கூடினால் பேரிங் இறுக்கம், குறைந்த மின்னழுத்தம் ஆகியவற்றை ஆராய வேண்டும். காரணம் தெரியுமுன் மோட்டாரைப் பிரிப்பது வீண்செலவு.

பம்புகளைச் செய்யும் தொழில், 1930களில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் வந்தபின் கோவையில் வளர்ந்தது. வார்ப்படச் சாலைகளும் மோட்டார் பட்டறைகளும் நிறைந்த கணபதி பகுதி அதன் மையங்களுள் ஒன்று. அருகே ஆவாரம்பாளையம் சாலையிலுள்ள சிட்டார்க் என்னும் சோதனை மையத்தில் பம்புகள் சோதிக்கப்படுகின்றன.