கேள்வி கேட்க முடியாத வாத்தியார்

தோட்டமும் பள்ளிக்கூடமும் – 14

சென்ற வாரம் 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துவது துரைமாரின் கடமை என்றது அந்தச் சட்டம். ஒரு கட்டடம், ஒரு வாத்தியார் என்ற அளவிலேயே பல தோட்டங்கள் அந்தக் கடமையை முடித்துக்கொண்டன. அந்த ஒற்றை வாத்தியாருக்குத் துணையாகக் கொழும்பிலிருந்து ஒரு குரல் கிளம்பிய கதைதான் இந்த வாரம்.

இலங்கையில் வானொலி முறைப்படி தொடங்கியது 1925 டிசெம்பர் 16 அன்று. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் நடத்திப் பார்த்த பரீட்சார்த்த ஒலிபரப்புகள் 'கொழும்பு வானொலி' ஆயின. தேசாதிபதி ஹியூ கிளிஃபர்ட் தொடக்கி வைத்தார். அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரலில்தான் லண்டனில் பிபிசி தனது முதலாவது பள்ளி ஒலிபரப்பை நடத்தியிருந்தது. பாடம் இசை, நடத்தியவர் வால்ஃபர்ட் டேவிஸ். ஒரு நல்ல ஆசிரியரை ஆயிரம் வகுப்புகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பிவிடலாம் என்ற ஆசைக்கு அன்றைக்கே வித்து விழுந்துவிட்டது.

போர் முடிந்து, நேச நாட்டுப் படைகளின் ரேடியோ சியாக் நிலையம் 1949 இல் இலங்கை அரசின் கைக்கு வந்ததும் ரேடியோ சிலோன் பலம் பெற்றது. 1967 ஜனவரியில் அது கூட்டுத்தாபனமானது; 1972 இல் நாடு குடியரசானபோது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறியது. சிங்களத்திலும் தமிழிலும் பள்ளிப் பாடங்களைத் தரும் கல்விச் சேவையும் அதன் ஓர் அங்கமாக இயங்கியது.

இனி நிவித்திகலப் பக்கம் வருவோம். இரத்தினபுரிக்குத் தென்கிழக்கே, மாணிக்கக் குழிகளும் இறப்பர் மரங்களும் தேயிலையும் கலந்து கிடக்கும் மழைநாடு அது. ஹட்டன், நுவரெலியா போலத் தமிழர் நெருங்கி வாழும் பகுதி அன்று. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தோட்டங்கள் ஒன்றுக்கொன்று எட்டாமல் சிதறிக் கிடந்தன. லயத்தைத் தாண்டினால் தமிழில் எழுதிய ஒரு பலகையைக் காண்பதே அருமையாக இருந்த இடங்களில், தமிழ் பேசும் ரேடியோப் பெட்டியின் மதிப்பைச் சொல்லவும் வேண்டுமா?

அலையும் அதற்கு ஒத்துழைத்தது. மத்திய அலை நிலத்தை ஒட்டியே வளைந்து வரும். மலை குறுக்கிட்டாலும் ஓரளவுக்கு எட்டிவிடும். சப்ரகமுவவின் இடி மழைக் காலத்தில் மட்டும் கேட்பவர் பாடு திண்டாட்டம். மின்னல் வெட்டும் அதே கணம் பெட்டி 'கரகர'வென்று இரையும். இடி பிறகுதான் வந்து சேரும். இந்த இரைச்சலுக்கு நடுவே பின்னக் கணக்கோ வாக்கிய இலக்கணமோ காதில் நின்றாக வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வகுப்பறைக்குள்ளேயே இருந்தது. கல்வி ஒலிபரப்பு ஒரு குறிப்பிட்ட வகுப்புக்கு, ஒரு குறிப்பிட்ட பாடத்துக்கு, கடிகாரம் பார்த்து வரும். தோட்டப் பள்ளியிலோ ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு; ஒரே வாத்தியார். ஐந்தாம் வகுப்புக்காகப் பெட்டியைத் திறந்தால் முதலாம் வகுப்பின் "அம்மா, ஆடு" நின்றுபோகும். புரியாத இடத்தில் ரேடியோவை நிறுத்தி, "சார், இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கேட்கவும் முடியாது. அதைக் கேட்டு விளக்கிச் சொல்ல வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் வாத்தியார். அவருக்கோ கைவசம் நான்கு வகுப்பு மிச்சம். வாத்தியார் பற்றாக்குறைக்கு மருந்தாக நினைக்கப்பட்ட ரேடியோவுக்கே இன்னொரு வாத்தியார் தேவைப்பட்டார்.

ஆனால் அதே பெட்டி வேறொரு வழியில் எழுத்தைப் பழக்கியது. வானொலியின் வர்த்தக சேவையில் வரும் நேயர் விருப்பத்துக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் தபாலட்டை எழுதிப் போட வேண்டும். பெயரையும் தோட்டத்தையும் தபாற்கந்தோரையும் அறிவிப்பாளருக்கு விளங்கும்படி எழுத வேண்டும். கொழுந்து பறிக்கவும் பால் வெட்டவும் பிரட்டுக் களத்திலே மட்டும் கூப்பிடப்பட்ட பெயர்களை நாடு முழுவதும் கேட்க வானொலி வாசித்தது. எழுதியவருக்கு ஒரு பதில் கிடைத்தது. பாடம் சொல்லிக்கொடுத்த சேவையில் இல்லாத வாசல், பாட்டுப் போட்ட சேவையில் திறந்திருந்தது.

அந்த வாசலின் அருமையைக் கண்டுகொண்டவர்கள் அன்றைக்கே இருந்தார்கள். 1956 இல் யுனெஸ்கோ துணையோடு அகில இந்திய வானொலி, புனே வட்டாரத்தில் ஏறத்தாழ 150 கிராமங்களில் விவசாய மன்றங்களை அமைத்தது. மன்றத்தார் கூடிக் கேட்பார்கள். பேசி முடித்துச் சந்தேகங்களை எழுதி அனுப்புவார்கள். வானொலி பதில் சொல்லும். கேட்டவர்களின் அறிவு தெளிவாக உயர்ந்தது என்றது ஆய்வு. அடுத்த பத்தாண்டில் தஞ்சை வட்டாரத்தில் திருச்சி வானொலி பரப்பிய ஆடுதுறை 27 ரகத்துக்கு உழவர்கள் வைத்த பெயரே 'ரேடியோ நெல்'!

தொலைக்காட்சியின் கதையும் கல்வியிலிருந்தே தொடங்குகிறது. 1975 இல் இந்தியா, அமெரிக்கச் செய்மதி ஒன்றின் வழியாக 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பியது. கொழும்பில் குடியிருந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் வீட்டிலும் இந்தியப் பொறியியலாளர்கள் ஒரு கிண்ண அன்டெனாவைப் பொருத்திக் கொடுத்தார்கள். இலங்கைக்குச் சொந்தத் தொலைக்காட்சியே இல்லாத காலத்தில், இந்தியக் கிராமத்தாருக்கான பாடம் கொழும்பு வீடொன்றில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகுதான் இலங்கைக்கு 1979 இல் ஐ.டி.என்.னும், ஜப்பானிய உதவியோடு 1982 பெப்ரவரி 15 அன்று ரூபவாஹினியும் வந்தன. கல்வி நிகழ்ச்சிகள் அதிலும் வந்தன. ஆனால் தொலைக்காட்சி அலை நேர்கோட்டில் போவது. மலை மறைத்தால் படத்தில் புள்ளிமழைதான். லயக் காம்பராக்கள் பலவற்றுக்கு மின்சாரம் எட்டவும் நெடுங்காலம் பிடித்தது.

இதற்கிடையே 1981 இல் தொடங்கிய மகாவலிச் சமுதாய வானொலி, தயாரிப்பாளர்களைக் கிராமத்திலேயே சில நாள் தங்கவைத்து, மக்களின் குரலையே நிகழ்ச்சியாக்கியது. வழி தெரியாமல் இல்லை என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்தத் திட்டம் மகாவலிக் குடியேற்றங்களுக்கானது, தோட்டங்களுக்கு அன்று.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்தப் பழைய கணக்கு மறுபடி எழுந்தது. 'குரு கெதர' நிகழ்ச்சி சிங்களத்தில் சனல் ஐயிலும், தமிழில் நேத்ராவிலும் ஒளிபரப்பானது. பாடங்கள் வந்தன, வீட்டில் டிவி இருந்த பிள்ளை பார்த்தது. சந்தேகம் கேட்க வாட்ஸ்அப் வேண்டும்; அதற்கு நல்ல போனும் சிக்னலும் வேண்டும். சிக்னலுக்காகப் பாறையேறிய மலைநாட்டுப் பிள்ளைகளின் படங்களை நாம் பத்திரிகைகளில் பார்த்தோம்.

ஒரு நூற்றாண்டு அனுபவம் காட்டும் பாடம் ஒன்றுண்டு. அலைவரிசைக்குச் செலவழித்த அரசுகள், அதன் மறுமுனையில் பிள்ளையோடு உட்காரும் ஆளுக்குச் செலவழிக்கவில்லை. செலவழித்த இடங்களில் ரேடியோவே பள்ளிக்கூடமானது. நிவித்திகல கல்வி வலயத்துத் தோட்டப் பள்ளிக்கு நாளை எந்தப் புதுத் திரை வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: பிள்ளை கை தூக்கினால் பதில் சொல்ல அங்கே யார் இருக்கிறார்?

அடுத்த வாரம்: தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்ற கதை.

(தொடரும்)