இழுப்பறையில் ஒரு ஐந்து சென்ட் தாள்

டொராண்டோவில் நெடுநாள் குடித்தனம் நடத்தும் வீடுகளில் சமையலறை இழுப்பறையைத் திறந்தால், ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டிய ஒரு தாள்கட்டு கிடைக்கலாம். முதல் பார்வைக்குப் பணநோட்டேதான். அதே மொடமொடப்பு, அதே போல வரிசை எண். ஆனால் அரசியின் படம் இருக்கவேண்டிய இடத்தில் ஸ்காட்லாந்துத் தொப்பியும் மீசையுமாக ஒருவர் சிரித்துக்கொண்டிருப்பார். அவர் பெயர் சாண்டி மெக்டயர். தாளின் மதிப்பு ஐந்து சென்ட்.

இதற்குக் ‘கனடியன் டயர் பணம்’ என்று பெயர். இன்று கைப்பேசியில் கேம் ஆடினால் புள்ளி, கருத்துக்கணிப்புக்குப் பதில் சொன்னால் புள்ளி என்று அழைக்கும் செயலிகளுக்கு இந்த ஊரில் ஒரு மூதாதை உண்டென்றால், அது இந்தத் தாள்தான்.

1922-இல் ஜான் பில்ஸ், ஆல்ஃபிரட் பில்ஸ் என்ற சகோதரர்கள் 1,800 டாலர் கொடுத்து டொராண்டோவில் ஒரு டயர் கடையை வாங்கினார்கள். அதுவே கனடியன் டயராக வளர்ந்தது. 1958-இல் நிறுவனம் யங் தெருவில் தன் முதல் பெட்ரோல் பங்கைத் திறந்தபோது, மற்ற பங்குகள் தட்டு, கிண்ணம் என்று இலவசங்களைக் கொடுத்து வாடிக்கையாளரை இழுத்துக்கொண்டிருந்தன. ‘கிண்ணம் எதற்கு, நம் கடையிலேயே செல்லும் சீட்டைக் கொடுத்தால் என்ன?’ என்ற யோசனையைச் சொன்னவர் ஆல்ஃபிரட்டின் மனைவி மியூரியல் என்பார்கள். 1961-இல் பங்கிலிருந்து கடைகளுக்கும் சீட்டு பரவியது.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் இருந்தது. பல கடைகளில் முத்திரை சேர்த்து, மூன்றாவது ஒரு நிறுவனத்திடம் பரிசு வாங்கும் ‘வணிக முத்திரை’ வியாபாரத்தைக் கனடா 1905-இலேயே குற்றமாக்கிவிட்டது. முத்திரைக்கான செலவைக் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டு, இடையில் நிற்பவர் லாபம் பார்க்கிறார் என்பது வணிகர்களின் குமுறல். கொடுத்த கடையே திருப்பி வாங்கிக்கொள்ளும் சீட்டை இந்தத் தடை தொடவில்லை. 2018 வரை குற்றவியல் சட்டத்தில் கிடந்த அந்தப் பிரிவைப் படித்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. இன்றைய பரிசுச் செயலிகளில் பெரும்பாலானவை அந்த இடையில் நிற்பவரின் வேலையைத்தான் செய்கின்றன.

கனடியன் டயர் தாளின் அருமை, அதில் யார் பெயரும் இல்லை என்பது. அப்பா வாங்கியதை மகன் செலவழிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம், தர்ம உண்டியலில் போடலாம். டொராண்டோ பாடகர் கொரின் ரேமண்ட் தன் ‘பேப்பர் நிக்கல்ஸ்’ இசைத்தொகுப்பின் செலவுக்கு நாடெங்கும் உள்ள ரசிகர்களிடம் இந்தத் தாளையே கேட்டார். உறை உறையாகத் தபாலில் வந்து குவிந்தது 7,000 டாலருக்கு மேல். ஒலிப்பதிவுக்கூடம் அதை முழு மதிப்புக்கும் ஏற்றுக்கொண்டது. 2013-இல் தொகுப்பு வெளியானது. எந்தச் செயலியின் புள்ளியைக் கொண்டும் இப்படி ஒரு காரியத்தைச் செய்ய முடியாது.

தொடக்கத்தில் வாங்கிய தொகையில் 5 சதவீதம் தாளாகத் திரும்பி வந்தது. அது 3 ஆகி, 1.4 ஆகி, கடைசியில் 0.4-க்கு வந்து நின்றது. 250 டாலருக்குச் சாமான் வாங்கினால் 1 டாலர்.

1992-இல் ஏர் மைல்ஸ் என்ற புள்ளி சேர்க்கும் அட்டை வந்தது. அதோடு தாளின் இடத்தில் கணக்கு வந்து உட்கார்ந்தது. யார், எங்கே, எதை வாங்கினார் என்பது பதிவாகும். புள்ளியின் விதியை எழுதுவதும் நிறுவனம், மாற்றுவதும் நிறுவனம். ஐந்து ஆண்டு ஆன புள்ளிகள் 2016 இறுதியோடு காலாவதி என்று நிறுவனம் முன்பே அறிவித்திருந்தது. கெடு நெருங்க நெருங்க மக்கள் பதறினார்கள். விமானப் பயணத்துக்கென்று ஆண்டுக்கணக்கில் சேர்த்ததை அவசரமாக வீட்டுச் சாமானாக மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம். டொராண்டோவின் பீச்சஸ்–ஈஸ்ட் யார்க் தொகுதி உறுப்பினர் ஆர்தர் பாட்ஸ், நாள் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் புள்ளியைப் பறிக்கக்கூடாது என்று ஒன்டாரியோ சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். டிசம்பர் தொடக்கத்தில் நிறுவனம் பின்வாங்கியது, மசோதாவும் அதே மாதம் சட்டமானது. ஆனால் முன்பே அவசரப்பட்டுச் செலவழித்தவர்களின் பயணக் கனவு போனது போனதுதான்.

அடுத்து வந்தவை கைப்பேசிச் செயலிகள். டொராண்டோவில் 2012-இல் தொடங்கிய செக்கவுட் 51-க்குக் கடை ரசீதைப் படமெடுத்து அனுப்பவேண்டியிருந்தது, கணக்கில் 20 டாலர் சேர்ந்தால் காசோலை வந்தது. இதே ஊரில் பிறந்த டிராப் செயலியில் 1,000 புள்ளி சேர்ந்தால்தான் 1 டாலர். ஆயிரம் என்ற எண் காதுக்குப் பெரிதாகக் கேட்கிறது, கைக்கு வருவது ஒரு காப்பிக்கும் போதாது.

இவற்றில் மனதைத் தொடுவது கேரட் ரிவார்ட்ஸின் கதை. ஆண்ட்ரியாஸ் சுவாலியோடிஸ் டொராண்டோவில் தொடங்கியது. அரசுப் பணமும் பின்னால் இருந்தது. உடல்நலம் பற்றிய சிறு வினாத்தாளுக்குப் பதில் சொன்னாலும், அன்றாட நடை இலக்கை எட்டினாலும் சினிமாவுக்கோ பெட்ரோலுக்கோ புள்ளி. 2016-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அறிமுகமாகி, 2017-இல் ஒன்டாரியோவுக்கு வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அதை ஆராய்ந்தவர்கள் குறிப்பிட்ட ஊக்கத்தொகை நாளைக்கு வெறும் 4 சென்ட். ஒரு நாள் விடாமல் நடந்தாலும் ஆண்டுக்கு 14 டாலர் 60 சென்ட். 2018-இல் ஒன்டாரியோவில் ஒரு மணி நேரத்துக்கான குறைந்தபட்சக் கூலி 14 டாலர்!

ஆனாலும் மக்கள் நடந்தார்கள். நடை கூடியதை ஆய்வுகளும் காட்டின. கேரட்டில் காசு சொற்பமாக இருந்தாலும் நடந்த பலன் உடம்பில் தங்கியது. நிதி வற்றி 2019 ஜூனில் அது மூடப்பட்டதில் பலருக்கு உண்மையான வருத்தம் இருந்தது.

கேமுக்கும் கருத்துக்கணிப்புக்கும் காசு தருபவற்றில் அந்தப் பலனும் இல்லை. புதிய ஆட்டக்காரர் ஒருவரைப் பிடித்துத் தர கேம் நிறுவனம் விளம்பரச் செலவாக ஒரு தொகை ஒதுக்குகிறது. செயலி தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் புள்ளியாகப் பிரித்துத் தருகிறது. முதல் கட்டங்கள் சுலபமாகக் கடக்கும், பெரிய பரிசு உள்ள கட்டத்துக்கு வாரக்கணக்கில் உட்காரவேண்டும், இல்லையென்றால் உள்ளே காசு கட்டவேண்டும். கணிப்பில் வயது, வருமானம், வீட்டில் எத்தனை பேர் என்று பத்துக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு, ‘இந்தக் கணிப்புக்கு நீங்கள் பொருந்தவில்லை’ என்று வரும். சொன்ன பதில்கள் போய்விட்டன, கூலி வரவில்லை. ஸ்காபரோவிலிருந்து வேலைக்குப் போகும் மாணவர் பேருந்தில் கழிக்கும் அரைமணி நேரத்தில் இதைச் செய்தால் நட்டமில்லை என்று வாதிடலாம். வாடகைக்கு உதவும் என்று நம்பி இரவுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவருக்கு, அதே நேரத்துக்கு 2025 அக்டோபர் முதல் சட்டப்படி கிடைக்கவேண்டிய கூலி மணிக்கு 17 டாலர் 60 சென்ட் என்று யாராவது எடுத்துச் சொல்லவேண்டும்.

கனடியன் டயரும் 2018-இல் ‘டிரையாங்கிள்’ என்ற பெயரில் அட்டைக்கும் செயலிக்கும் மாறிவிட்டது. இழுப்பறையில் கிடக்கும் பழைய ஐந்து சென்ட் தாள்களை அதன் கடைகளில் இன்னமும் எண்ணி வாங்கிக்கொள்கிறார்கள். கொண்டுவந்தவரின் பெயரோ மின்னஞ்சலோ தேவையில்லை.