மெய்ப்புக் கேட்டல்: ஏட்டிலிருந்து ஒலிநூல் வரை

'மெய்ப்புப் பார்த்தல்' என்பது அச்சுக்கூடத்தோடு நம்மிடம் வந்து சேர்ந்த தொழில். 'மெய்ப்புக் கேட்டல்' என்றொரு தொடரை இக்கட்டுரையில் நாம் ஆளப்போகிறோம். தன்னார்வலர் பலர் கூடி ஒரு நாவலை அத்தியாயம் அத்தியாயமாகப் படித்து ஒலிப்பதிவு செய்வார்கள். வேறொருவர் மூலநூலைக் கையில் வைத்துக்கொண்டு அப்பதிவைச் சொல் சொல்லாகக் கேட்டுப் பிழை குறிப்பார். அப்பணிக்கு இதனினும் பொருந்திய பெயர் நமக்குக் கிட்டவில்லை. பெயர்தான் புதிது. பணியோ, தமிழ் ஏட்டுச்சுவடி அளவுக்குப் பழையது.

நூலை ஒலியாகச் சேமிக்கும் எண்ணம் ஒலிப்பதிவுக் கருவியோடு உடன்பிறந்தது. 1877-இல் போனோகிராப்பைச் செய்த எடிசன், மறு ஆண்டே எழுதிய கட்டுரையில் அக்கருவியின் பயன்களுள் ஒன்றாகப் பார்வையற்றோருக்கான பேசும் நூல்களைக் குறித்தார். ஆயினும் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடமே அடங்கிய காலத்தில் முழு நாவல் என்பது கனவாகவே நின்றது. நீண்ட நேரம் ஓடும் தட்டுகள் வந்த பிறகு, 1934-இல் அமெரிக்காவிலும் 1935-இல் இங்கிலாந்திலும் பார்வையற்றோருக்கான பேசும் நூல்கள் வெளிவரலாயின. இங்கிலாந்தில் முதலில் வெளிவந்தவற்றுள் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் ஒன்று. ஜோசப் கான்ராடின் 'டைஃபூன்' மற்றொன்று.

எழுபது ஆண்டு கழித்து, 2005 ஆகஸ்டில், கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து ஹ்யூ மெக்குவயர் 'லிப்ரிவாக்ஸ்' என்னும் தன்னார்வ முயற்சியைத் தொடங்கினார். பலர் பங்கிட்டுப் படித்த அதன் முதல் நூலும் கான்ராடினுடையதே: 'தி சீக்ரெட் ஏஜண்ட்'. போலந்துக் குடும்பத்தில் பிறந்து, வளர்ந்த பின்னரே ஆங்கிலம் கற்று, அம்மொழியைக் கடைசிவரை அயலொலியோடு பேசியவர் கான்ராட். பலவகை உச்சரிப்புக் கொண்ட அன்பர்கள் கூடிப் படிக்கும் முயற்சிக்கு அவர் நூல் தொடக்கமாக அமைந்தது பொருத்தமே.

லிப்ரிவாக்ஸில் மெய்ப்புக் கேட்பவருக்கு வரையறுத்த கடமைகள் உண்டு. படிப்பவர் ஒரு வரியை இருமுறை படித்துவிட்டு முதல் முறையை நீக்க மறந்தாரா, ஒரு வரி விடுபட்டதா, நடுவே நீண்ட மௌனம் நிற்கிறதா, பின்னணியில் இரைச்சல் உண்டா, ஒலியளவு மற்ற அத்தியாயங்களோடு ஒத்திருக்கிறதா என்பவற்றைக் கேட்டு, பிழை நேர்ந்த இடத்தை நிமிடம், நொடிக் கணக்கோடு எழுதி அனுப்ப வேண்டும். படிப்பவர் அப்பகுதியை மட்டும் மீண்டும் பதிவு செய்து ஒட்டுவார். பொருளை மாற்றாத சிறு வழுக்களைப் பொறுக்கும் பொதுமுறை ஒன்று. ஒரு சொல்லும் பிறழலாகாது என்னும் கடுமுறை மற்றொன்று. எம்முறையாயினும் படிப்பவரின் உச்சரிப்பையோ பாணியையோ குறைகூறுதல் அங்கே வழக்கமில்லை. ஆங்கிலத்துக்கு இவ்விதி அழகாகப் பொருந்துகிறது. தமிழுக்கு இதனை அப்படியே எடுத்துக்கொள்ள முடியுமா என்பதே நம் ஐயம்.

இங்கு ஏட்டுச்சுவடிக் காலத்தைச் சற்றே நினைவுகூர வேண்டும். சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரக் குறில்களும் அவற்றின் நெடில்களும் ஒரே வடிவில் நிற்கும். 'எரி' என்பதா 'ஏரி' என்பதா, 'கொடு' என்பதா 'கோடு' என்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர் ஏட்டைப் படிப்பவரே. ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டு எழுதவோ கைப்பிரதியோடு ஒப்பு நோக்கவோ செய்வது சுவடிப் பதிப்பின் அன்றாட வேலை. 1887-இல் வெளிவந்த உ.வே.சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்புக்குப் பின்னால் நின்ற உழைப்பில் இத்தகைய பாட ஒப்பீடு பெரும்பங்கு. கேட்பவருக்கு யாப்பும் பொருளும் தெரிந்திருந்தால், ஓசை தடைப்படும் இடத்தில் அவர் செவி நிமிரும். அங்கே பாடபேதமோ படித்தவரின் தடுமாற்றமோ இருக்கும். செவி அன்று பதிப்பாசிரியருக்குக் கண்ணுக்கு நிகரான கருவி.

அச்சு வந்து புள்ளியும் நெடிலும் தெளிவாயின. எனினும் தமிழெழுத்து இன்றும் ஒலியை முழுதாகக் காட்டுவதில்லை. வடசொற்கள் வந்து கலந்த உரைநடையில் இது பெருந்தொல்லை. 'கதை' என்று எழுதினால் சொல்லப்படும் கதையும் ஆகலாம், வீமன் கையிலிருக்கும் கதையும் ஆகலாம். 'பாவம்' என்பது தீவினையும் ஆகும். நாட்டியத்தில் முகத்தில் தோன்றுவதும் ஆகும். 'பந்தம்' தீப்பந்தமாயின் 'பந்து' என்பதன் பகரம் போல வன்மையாக ஒலிக்கும். உறவாயின் 'கம்பன்' என்பதிலுள்ள பகரம் போல மெலிந்து ஒலிக்கும். அச்சில் இரண்டும் ஒன்றே. கண்ணால் படிப்பவர் இவ்விருமையை உணராமலே கடந்துவிடுகிறார். வாய்விட்டுப் படிப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

நம்மிடம் இளங்கலை பயின்ற பார்வையற்ற மாணவர் ஒருவர், அன்பர் ஒருவர் படித்தளித்த நாவல் பதிவைக் கேட்டு வந்தார். இரவுக் காட்சி ஒன்றில் பந்தங்கள் அணைந்த செய்தி வருகிறது. படித்தவர் அதனை மெலிந்த ஒலியால் படித்திருந்தார். உறவுகள் அற்றுப்போனதை ஆசிரியர் உருவகமாகச் சொல்கிறார் என்று கொண்டு, மாணவர் தேர்வுத்தாளில் அவ்வுருவகத்தை ஒரு பக்கம் பாராட்டி எழுதினார். வாதம் செம்மையாகவே இருந்தது. நூலில் மட்டும் அப்படி ஒன்று இல்லை. பார்வையுடைய மாணவர் ஐயம் வந்தால் பக்கத்தைப் புரட்டலாம். இவருக்குப் பதிவே பக்கம். இத்தகைய பிழையை நொடிக் கணக்கோடு குறித்தனுப்ப வேண்டிய கேட்பாளர், அதனை வெறும் உச்சரிப்பு வேறுபாடு என்று விட்டுவிட்டால் பிழை நூலோடு நிலைத்துவிடும். தமிழில் மெய்ப்புக் கேட்பவர் பதிப்பாசிரியராகவும் இருந்தாக வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

தமிழில் ஒலிநூல் என்றதும் எவர் நினைவிலும் முதலில் எழுவது 'பொன்னியின் செல்வன்'. கல்கி இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை தொடராக வந்த நாவல். ஐந்து பாகம், 293 அத்தியாயம். அத்தியாயத்துக்குப் பதினைந்து நிமிடம் என்று கொண்டாலும் எழுபது மணி நேரத்துக்குமேல் ஓடும். இதழ் வந்ததும் வீட்டில் ஒருவர் படிக்கப் பிறர் சூழ்ந்திருந்து கேட்ட கதை இது. வாசகரை நேரே விளித்துப் பேசும் அதன் நடையும் செவிக்கென்றே அமைந்தது போலும். பாம்பே கண்ணன் பல குரல்களும் இசையும் கூட்டி இதனை ஒலிநூலாக்கினார். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக வானொலியில் நிகழ்ச்சி நடத்திய ஸ்ரீ ஸ்ரீநிவாசா ஒற்றைக் குரலில் படித்து இணையத்தில் ஏற்றினார். நாடகமாகக் கேட்பதில் சுவை மிகுதி. ஒற்றைக் குரலில் ஆசிரியரின் வாக்கியம் தெளிவாகத் துலங்குகிறது. நமக்குப் பின்னதே உவப்பு.

இத்தகைய முயற்சிகளுக்குத் தோதாக மின்நூல்களை முன்பே அளித்ததும் தன்னார்வலர்களே. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிட்சர்லாந்திலிருந்து கு.கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் நூல்களை ஏற்றினர். ஒலிப்பதிவுக் குழுவினர் இங்கே ஓர் எச்சரிக்கை கொள்வது நலம். பதிப்பகத்துக்குப் பதிப்பகம் சந்தி பிரிப்பும் பத்திப் பிரிப்பும் வேறுபடுகின்றன. படிப்பவர் கையில் ஒரு பதிப்பும் கேட்பவர் கையில் மற்றொன்றும் இருந்தால், இல்லாத பிழைகளைப் பற்றியே மடல்கள் பறக்கும்.

உரிமைச் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். அச்சுரிமை வேறு, ஒலியுரிமை வேறு என்பதைத் தமிழ்நாடு பாரதி வழியாக அறிந்துகொண்டது. பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஏவி.மெய்யப்பரிடம் இருந்தது, 1949-இல் அரசு அதனைப் பெற்றது. கல்கியின் நூல்கள் 1990களின் இறுதியில் நாட்டுடைமையாயின. ஆனால் லிப்ரிவாக்ஸ் அமெரிக்கச் சட்டப்படி பொதுவுடைமையான நூல்களையே ஏற்கும்; 1950-இல் தொடங்கிய நாவல் அந்த 95 ஆண்டுக் கணக்கில் எளிதில் தேறாது. பார்வையற்றோர் பொருட்டு மட்டும் இந்தியச் சட்டம் 2012 திருத்தத்தால் வழிவிட்டது. அதே நோக்கில் 2013-இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதன்முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே.

கோட்டூர்புரத்துவாசிகளுக்கு இவையெல்லாம் தொலைதூரச் செய்தி அல்ல. 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத்தளத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறது. 2011-இல் அக்கட்டடத்தை மருத்துவமனையாக்க அரசு முடிவெடுத்தபோது உயர்நீதிமன்றத் தடையால் நூலகம் பிழைத்தது. மின்நூலகம் நடத்தும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் அருகே காந்தி மண்டபம் சாலையில்தான். மூலநூலும் கேட்போரும் ஒரே பகுதியில் அமைந்திருக்கின்றன. இப்பக்கத்தைப் படிக்கும் அன்பர்களுள் நால்வர் படிக்கவும் இருவர் கேட்கவும் முன்வந்தால், நாம் தொடங்கச் சொல்வது பொன்னியின் செல்வனை அன்று.

பி.ஆர்.ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்தது. எந்நாட்டுக் கணக்கிலும் பொதுவுடைமை, அளவிலும் சிறியது. மதுரை வட்டாரத்துப் பேச்சு நிறைந்தது. ஆதலால் மெய்ப்புக் கேட்பவருள் ஒருவரேனும் அப்பக்கத்துக்காரராக இருத்தல் வேண்டும். எப்பதிப்பைப் படித்தோம், யார் கேட்டார், ஐயமான சொற்களை எவ்வாறு ஒலிக்க முடிவு செய்தோம் என்பவற்றை ஒரு சிறு முன்னுரையாகப் பதிவின் தொடக்கத்திலேயே படித்துச் சேர்த்துவிடலாம். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை வருகின்ற அத்தியாயங்களை மட்டும் நமக்கு ஒதுக்கிவிடுக. தமிழ்ப் பண்டிதரை அவ்வளவு அழகாகக் கேலி செய்யும் பக்கங்களைத் தமிழாசிரியர் ஒருவரே படிப்பதுதான் முறை.