சதுப்பு நிலத்தில் எழுந்த விடுமுறை ஊர்

1960களின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ, ஆரஞ்சுத் தோப்புகளும் மாட்டுப் பண்ணைகளும் சூழ்ந்த ஊர். வட மாநிலங்களின் குளிருக்குத் தப்பிக் காரில் தெற்கே வரும் குடும்பங்கள் பெரும்பாலும் அதைக் கடந்து மயாமி கடற்கரைக்குப் போய்விடும். போகும் வழியில் வண்டியை நிறுத்திப் பார்க்கச் சில இடங்கள் இருந்தன. சில்வர் ஸ்பிரிங்ஸில் கண்ணாடி அடித்தளம் கொண்ட படகில் ஏறினால் ஊற்றின் ஆழம்வரை பார்வை போகும். 1936இல் திறந்த சைப்ரஸ் கார்டன்ஸில் நீர்ச்சறுக்கு வீரர்கள் வித்தை காட்டினார்கள். 1947இல் தொடங்கிய வீக்கி வாச்சி ஊற்றில் கடற்கன்னி வேடமிட்ட பெண்கள் ரப்பர் குழாயில் மூச்சிழுத்துக்கொண்டு நீருக்கடியில் நடித்தார்கள். எல்லாமே அரைநாள் வேடிக்கை. பார்த்து முடித்ததும் குடும்பம் காரில் ஏறிவிடும்; இருட்டினால் நெடுஞ்சாலையோர மோட்டல்.

அந்த வேடிக்கைகளும் எல்லோருக்கும் பொதுவாக இல்லை. கறுப்பினக் குடும்பங்கள் சில்வர் ஸ்பிரிங்ஸுக்குள் நுழைய முடியாது. அதன் உரிமையாளர்களே 1949இல் ஆற்றின் கீழ்ப்பக்கம், ஏறத்தாழ ஒரு மைல் தள்ளி, பாரடைஸ் பார்க் என்ற தனிப் பூங்காவை அவர்களுக்காகத் திறந்தார்கள். ஒரே ஊற்றுநீர், ஒரே வகைப் படகுகள், இரண்டு கரைகள். இனப் பிரிவினைக்கு முடிவு கட்டிய 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் வந்தபின், 1969இல் பாரடைஸ் பார்க் மூடப்பட்டது. இதைச் சொல்லாமல் அமெரிக்கக் குடும்ப விடுமுறையின் வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

இந்த ஃபுளோரிடாவைத் தேடி வால்ட் டிஸ்னி ஏன் வந்தார் என்பதற்கான விடை கலிபோர்னியாவில் இருக்கிறது.

தன் இரண்டு பெண்களையும் லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பூங்காவுக்கு அழைத்துப்போய், அவர்கள் குதிரை ராட்டினத்தில் சுற்றும்போது பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பற்றி அவர் பலமுறை பேசியிருக்கிறார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே விளையாடும் இடம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது என்பார். அனஹைம் நகரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை வாங்கி, ஓராண்டில், சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவில் எழுப்பிய டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று திறந்தது. முதல்நாளே கள்ள டிக்கெட்டுகளால் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் போதவில்லை. அப்போதுதான் போட்டிருந்த தார், வெயிலில் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. ஆனாலும் மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

வால்ட்டை உறுத்தியது வேலிக்கு வெளியே நடந்ததுதான். பூங்காவைச் சுற்றி மோட்டல்களும் உணவகங்களும் விளம்பரப் பலகைகளுமாக முளைத்தன. வந்த குடும்பங்களின் தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் பிறர் கைக்குப் போயின. டிஸ்னியின் பெயரைத் தாங்கிய டிஸ்னிலேண்ட் ஹோட்டலே ஜாக் ராதர் என்ற டிவி தயாரிப்பாளரின் சொத்து. ஹோட்டல் கட்ட அப்போது வால்ட்டிடம் பணமில்லை. அடுத்த பூங்காவுக்கு முதலில் வேண்டியது நிலம், கண்ணுக்கெட்டிய தூரம் நிலம் என்று அவர் தீர்மானித்தது இந்த அனுபவத்தால்தான். பின்னால் ஃபுளோரிடாவில் நடந்த ஒவ்வொன்றுக்கும் வேர் இதுவே.

1963 நவம்பர் 22 அன்று அவருடைய விமானம் ஆர்லாண்டோ பகுதிக்கு மேல் பறந்தது. கீழே சதுப்பு, காடு, ஏரிகள். அருகிலேயே இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடம். காரில் வரும் குடும்பங்களை நம்பிய தொழிலுக்கு அந்தச் சந்திப்பு போதும். அன்று மாலை நியூ ஆர்லியன்ஸில் இறங்கியபோதுதான் அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்ட செய்தி அவருக்குத் தெரிந்தது.

நிலம் வாங்கிய விதம் ஒரு துப்பறியும் கதைக்குத் தகும். டிஸ்னி பெயர் வெளியே வந்தால் விலை ஏறிவிடும் என்று வெவ்வேறு பெயர்களில் நிறுவனங்களைப் பதிவு செய்தார்கள். ஐ-4 நெடுஞ்சாலையின் பெயரை ஒலிப்படி எழுதி ‘அயெஃபோர் கார்ப்பரேஷன்’ என்றுகூட ஒன்று இருந்தது. 27,000 ஏக்கருக்கும் மேல், மன்ஹாட்டன் தீவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நிலம், சுமார் 50 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஏக்கருக்குச் சராசரி 200 டாலர்கூட ஆகவில்லை. யார் வாங்குகிறார்கள் என்று ஊரே ஊகித்துக்கொண்டிருந்தது. ஆர்லாண்டோ சென்டினல் நாளிதழின் எமிலி பவார் கலிபோர்னியா போனபோது வால்ட்டிடமே கேட்டுவிட்டார். அவர் மறுத்தார்; ஆனால் அந்த வட்டாரத்தைப் பற்றி அவர் சொன்ன விவரங்கள் ஏற்கெனவே ஆராய்ந்தவருக்கு மட்டுமே தெரியக்கூடியவை. 1965 அக்டோபரில் எமிலியின் செய்தி வெளியானது. விரைவிலேயே ஆளுநர் ஹேடன் பர்ன்ஸும் அதை உறுதிப்படுத்தினார்.

வால்ட்டின் மனத்தில் அப்போது பூங்கா இரண்டாம் இடத்தில்தான் இருந்தது. 20,000 பேர் வாழும் எதிர்கால நகரம் ஒன்றை அங்கே கட்ட விரும்பினார். எப்காட் என்று அதற்குப் பெயர். 1966 அக்டோபரில் அதை விளக்கி ஒரு படத்துக்காகக் கேமரா முன் நின்றார். டிசம்பர் 15 அன்று இறந்துபோனார்.

இந்தக் கதையில் உரிய இடம் கிடைக்காதவர் அண்ணன் ராய் டிஸ்னி. எழுபது வயதைத் தாண்டியவர், ஓய்வு பெறவிருந்தவர். தம்பி தொடங்கியதை முடிக்காமல் போகமாட்டேன் என்று ஓய்வைத் தள்ளிவைத்தார். ‘டிஸ்னி வேர்ல்ட்’ என்று இருந்த பெயரை ‘வால்ட் டிஸ்னி வேர்ல்ட்’ என்று மாற்றச் சொன்னதும் அவர்தான். 1967இல் மாநிலச் சட்டமன்றம் ரீடி க்ரீக் என்ற சிறப்பு மாவட்டத்தை உருவாக்கி, சாலை, வடிகால், தீயணைப்பு, கட்டட விதிகள் ஆகியவற்றைக் கவனிக்கும் அதிகாரத்தை அதற்குத் தந்தது. நடைமுறையில் அந்த அதிகாரம் டிஸ்னியின் கையில் இருந்தது.

பனாமா கால்வாய்ப் பகுதியில் ஆளுநராக இருந்த ராணுவப் பொறியாளர் ஜோ பாட்டர் சதுப்பைச் சீராக்கினார். மைல் கணக்கில் கால்வாய்கள் வெட்டப்பட்டன. பூங்காவுக்கு முன்னால் ஒரு பெரிய ஏரியைத் தோண்டி, அந்த மண்ணைக் கொண்டு தரையை உயர்த்தினார்கள். நிலத்தடி நீர் மேலேயே இருந்ததால் சுரங்கம் தோண்ட வழியில்லை. எனவே பணியாளர்கள் நடமாடும் வழிகளைத் தரைமட்டத்தில் கட்டி, அதன்மேல் மண் கொட்டி, பூங்காவை எழுப்பினார்கள். மேஜிக் கிங்டம் என்ற அந்தப் பூங்காவில் நடக்கும் குடும்பம் உண்மையில் ஒரு மாடியில் நடக்கிறது. குப்பையும் காற்றழுத்தக் குழாய்கள் வழியாகக் கண்ணில் படாமல் போய்விடும்.

தூரமும் திட்டமிட்டதுதான். காரை நிறுத்தியதும் பூங்காவுக்குள் போய்விட முடியாது. மோனோரயிலிலோ படகிலோ ஏரியைக் கடக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் வெளியுலகம் பின்னால் போய்விடும். மோனோரயில் கன்டெம்பரரி ஹோட்டலின் உள்ளே புகுந்து வெளிவரும். அந்த ஹோட்டலின் அறைகளை வேறிடத்தில் முழுதாகச் செய்து கொண்டுவந்து, இரும்புச் சட்டத்துக்குள் கிரேனால் செருகினார்கள்.

1971 அக்டோபர் 1 அன்று பூங்கா திறந்தது. முதல்நாள் வந்தவர்கள் சுமார் 10,000 பேர்தான். ஆனால் நவம்பரில் நன்றி நவிலல் விடுமுறைக்கு வந்த கார்கள் நெடுஞ்சாலையில் மைல் கணக்கில் நின்றன. ராய் இதைப் பார்த்துவிட்டு டிசம்பர் 20 அன்று காலமானார்.

பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 3.50 டாலர். சவாரிகளுக்கு ஏ முதல் ஈ வரை எழுத்திட்ட டிக்கெட்டுகள் தனி. ஈ டிக்கெட் மிகச் சிறந்த சவாரிகளுக்கு. இருக்கிற ஈ டிக்கெட்டுகளை எதில் செலவழிப்பது என்று குடும்பங்கள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டியிருந்தது. அம்முறை 1982இல் முடிந்தது. இன்று நெரிசலான நாள்களில் ஒருவருக்கு ஒருநாள் கட்டணம் 150 டாலரைத் தாண்டுகிறது. நடுத்தரக் குடும்பத்துக்காகப் பிறந்த இடம் அக்குடும்பத்துக்கே எட்டாத உயரத்துக்கு நகர்ந்துகொண்டிருப்பது வருத்தத்துக்குரியது.

ஆண்டுகள் போகப்போக அரைநாள் வேடிக்கை ஒரு வாரமாக நீண்டது. 1982இல் எப்காட் திறந்தது, நகரமாக இல்லாமல் இன்னொரு பூங்காவாக. 1989இல் ஸ்டூடியோ பூங்கா, 1998இல் அனிமல் கிங்டம். 1994இல் திறந்த ஆல்-ஸ்டார் விடுதிகள் குறைந்த செலவில் தங்குவோரையும் எல்லைக்குள் இழுத்தன. 2005 முதல் 2021 முடியும்வரை, டிஸ்னி விடுதிகளில் தங்குவோரை விமான நிலையத்திலிருந்தே பஸ்ஸில் இலவசமாக அழைத்துவந்தார்கள். வாடகைக் கார் இல்லாத குடும்பம் வேறெங்கும் போகாது. அனஹைமில் கைநழுவியதை ஃபுளோரிடாவில் இப்படி முழுமையாகப் பிடித்துக்கொண்டார்கள்.

2023இல் மாநில அரசு ரீடி க்ரீக் நிர்வாகத்தை டிஸ்னியிடமிருந்து தன் வசம் எடுத்துக்கொண்டது. அதையொட்டி எழுந்த வழக்கு மறு ஆண்டில் சமரசத்தில் முடிந்தது. இந்த எல்லைக்குள் பே லேக், லேக் புயனா விஸ்டா என இரண்டு நகராட்சிகள் சட்டப்படி இருக்கின்றன. 20,000 பேருக்குத் திட்டமிட்ட இடத்தில் இவ்விரண்டிலும் சேர்த்து நிரந்தரமாக வசிப்பவர்கள் சில பத்துப் பேரே. வேலை செய்யும் 70,000க்கும் மேற்பட்டோர் ஆர்லாண்டோ, கிஸ்ஸிம்மீ பகுதிகளிலிருந்து வந்து போகிறார்கள். அங்கே வீட்டு வாடகை பலருடைய சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்குகிறது. குறைந்த வாடகைக் குடியிருப்புகள் கட்ட 80 ஏக்கர் நிலம் ஒதுக்குவதாக டிஸ்னி அறிவித்தது 2022இல்தான்.