எட்டிக் கேட்டதும் ஒட்டிக் கேட்பதும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் ஒலியின் தரம் நெடுங்காலம் தூரத்தால் அளக்கப்பட்டது. ஒரு குரலோ கருவியோ ஊர் எல்லைவரை எட்டினால் அது நல்ல ஒலி. அடுத்த ஊருக்கும் எட்டினால் பேரெடுத்த ஒலி. இன்று இருபதாயிரம் ரூபாயைத் தாண்டி விலை போகும் கம்பியில்லா இயர்பட்ஸோ, எதைக் கேட்க வைக்கிறது என்பதைவிட எதைக் கேட்கவிடாமல் தடுக்கிறது என்பதால் மதிக்கப்படுகிறது. இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு ஏறக்குறைய நூறு ஆண்டு பிடித்தது.

ஒலிக்கான பழைய தேர்வுக்களம் திரௌபதி அம்மன் கோயில் திடல். செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரிக் கோயிலை இந்த வழிபாட்டின் தாய்க் கோயிலாகச் சொல்வது மரபு. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் இந்த வழிபாட்டைப் பற்றி 1988இல் வெளியிட்ட நூலும் செஞ்சியிலிருந்தே தொடங்குகிறது. விழா நாட்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியத் தெருக்கூத்து. திறந்தவெளியில், மின்சாரம் வராத காலத்தில், கடைசியில் பாய் விரித்துப் படுத்திருப்பவருக்கும் அர்ச்சுனன் என்ன பாடுகிறான் என்று புரிய வேண்டும். கூத்தின் இசையமைப்பே இந்தத் தேவையிலிருந்து உருவானது. பாட்டு உச்ச சுருதியில் எழும். பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கித் திரும்பப் பாடுவார்கள். முகவீணை மேலேறி நிற்கும். முகவீணை சிறிய குழல்தான். ஆனால் மனிதக் காது மிகக் கூர்மையாக உணரும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் அதன் ஒலிக்கு வலு அதிகம். மிருதங்கத்தையும் தாளத்தையும் தாண்டி அது காதில் ஏறுவதற்கு அதுதான் காரணம்.

இரவு நேரமும் கைகொடுத்தது. பகலில் வெயிலில் காய்ந்த தரையை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து வீணாகும். இரவில் தரை குளிர்ந்ததும் நிலைமை மாறி, ஒலி கீழ்நோக்கி வளைந்து வயல்வெளியைக் கடந்து போகும். பக்கத்து ஊரில் கூத்து நடப்பதை நடுச்சாமத்தில் படுக்கையிலிருந்தே அறிய முடிந்ததற்கு ஊரின் அமைதி பாதிக் காரணம், இந்த வளைவு மீதிக் காரணம்.

கூத்துக்கு ஆர்மோனியம் வந்தது நாடகக் குழுக்களின் வழியாக. ஒரே கருவியைப் பற்றி இரண்டு நீதிமன்றங்கள் எதிரெதிராகத் தீர்ப்புச் சொன்ன விந்தை அதற்கு நேர்ந்தது. கமகம் பிடிக்காது, நம் சுருதிக்குப் பொருந்தாது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940 மார்ச்சில் ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கியது; 1971இல்தான் தடை தளரத் தொடங்கியது. அந்த முப்பது ஆண்டுகளிலும் தென்னார்க்காட்டுக் கூத்துத் திடல்களில் ஆர்மோனியம் ஓயவில்லை. ஒலிபரப்பு நிலையம் நுணுக்கத்தைக் கேட்டது. திடல் கேட்டது எட்டுகிறதா என்பதை. இரண்டுமே தங்கள் இடத்துக்கேற்ற அளவுகோல்கள்.

வானொலியைத் தமிழ்நாடு முதலில் கேட்டது காதில் மாட்டிய ஹெட்போன் வழியாகத்தான் என்பதை இன்று பலர் மறந்திருப்பார்கள். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924இல் தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப், 40 வாட் வலுவில் ஒலிபரப்பியது. மின்சாரமே வேண்டாத படிகப் பெட்டியில் அதைக் கேட்டார்கள். அந்தப் பெட்டிக்கு ஒலிபெருக்கியை இயக்கும் சக்தி கிடையாது. ஆக, தனியொருவர் காதில் தொடங்கிய கருவி பிறகு கூட்டத்துக்குப் போய், மீண்டும் காதுக்கே திரும்பியிருக்கிறது.

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும் திருச்சி நிலையம் 1939 மே மாதத்திலும் தொடங்கின. விழுப்புரம் இவ்விரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருப்பதால், எந்த நிலையம் தெளிவாக எடுக்கிறது என்பதே இங்கே ரேடியோ வாங்குபவரின் முதல் கேள்வி. 1952 வாக்கில் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களை ஒதுக்கியபோது கேள்வி மாறியது: சிலோன் எடுக்குதா? மர்பி, பிலிப்ஸ், புஷ் எதுவானாலும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையை இரைச்சல் இல்லாமல் பிடிப்பதே தகுதி. டிரான்சிஸ்டர் வந்த பின் அதைத் திண்ணையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பது வழக்கமானது. அது வெறும் பழக்கமல்ல. பெட்டிக்குள் இருக்கும் ஃபெரைட் தண்டு, நிலையம் இருக்கும் திசைக்குக் குறுக்காக நின்றால்தான் மத்திய அலையை நன்றாகப் பற்றும். 1967இல் புதுச்சேரி நிலையம் வந்ததும் இந்தத் திருப்பல் பாதி குறைந்தது. ரேடியோ வைத்திருக்க அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த வழக்கம் 1980களின் நடுவில் ஒழிந்தது.

வட்டாரத்தின் காதைப் பழக்கியதில் ரேடியோவைவிடப் பெரிய பங்கு மைக் செட்டுக்கு உண்டு. காங்கிரஸ் கூட்டங்களில் மோட்வானி குடும்பத்தாரின் சிகாகோ ரேடியோ ஒலிபெருக்கிகள் பேர்பெற்றன. 1940இல் தொடங்கிய அகுஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிபயரும் குழாய்களும் பிறகு சிற்றூர் வாடகைக் கடைகள்வரை பரவின. சவுண்ட் சர்வீஸ் என்ற தொழில் இப்படித்தான் வேர்விட்டது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், கூழ் வார்க்கும் திருவிழா எல்லாவற்றுக்கும் முதல் நாளே வண்டியில் குழாய்கள் வந்து இறங்கும். மின்சாரம் இல்லாத ஊரில் கார் பேட்டரி போதும். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டோடு காலை தொடங்கினால், ஊருக்கு விசேஷம் என்று வெளியூருக்கும் தெரிந்துவிடும்.

குழாயைத் தென்னையிலோ பனையிலோ உயரக் கட்டுவதற்குத் தொழில்முறைக் காரணம் இருந்தது. தரையோடு போகும் ஒலியைப் பயிரும் வேலியும் உறிஞ்சிவிடும். தூரம் இரட்டிப்பானால் ஒலி அளவு 6 டெசிபெல் குறையும் என்ற கணக்கைப் படிக்காமலேயே, நான்கு குழாயை நான்கு திசைக்குத் திருப்பினால் எந்தத் தெருவரை போகும் என்று சவுண்ட் சர்வீஸ்காரர் சொல்லிவிடுவார். கூம்பு ஒலிபெருக்கி குறைந்த வாட்டில் நிறையச் சத்தம் தரும் கருவி. அதற்கு ஈடாக இழப்பது பேஸ். தவிலின் வலந்தலை தட்டுவதாகக் கேட்கும், தொப்பி கேட்காது. இடைப்பட்ட அதிர்வெண்களை மட்டும் அது உரக்கக் கொடுத்ததால் பேச்சு மட்டும் துல்லியமாகப் போய்ச் சேர்ந்தது. 1965இல் வந்த ‘திருவிளையாடல்’, 1984இல் வந்த ‘விதி’ ஆகிய படங்களின் வசனப் பதிவுகள் ஊர் ஊராகக் குழாயில் ஓடியதற்குக் கதையின் ஈர்ப்போடு இந்தப் பொருத்தமும் சேர்ந்துகொண்டது. முழுப்பெயரிலேயே விழுப்புரத்தைச் சுமந்த சிவாஜி கணேசனின் உச்சரிப்புக்குக் கூம்பைவிட நல்ல தூதன் கிடைத்திருக்க முடியாது. மைக்கை விரலால் தட்டி, ஊதி, ‘ஹலோ மைக் டெஸ்டிங்’ என்று ஒன்று இரண்டு மூன்று எண்ணும் சடங்குதான் இந்த வட்டாரம் கண்ட முதல் முறையான ஒலித்தேர்வு எனலாம்.

டேப் ரிகார்டர் தரத்தைப் பற்றிய பேச்சை வேறு திசைக்குக் கொண்டுபோனது. பிலிப்ஸ் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், 1980களில் சிற்றூர்வரை வந்தபோது பதிவு மையங்களும் கூடவே வந்தன. வாடிக்கையாளர் பாட்டுப் பட்டியலையும் வெற்றுக் கேசட்டையும் கொடுப்பார். கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து பதிந்து தருவார். 60 நிமிடமா 90 நிமிடமா, டி.டி.கே.யா மெல்ட்ராக்கா, ரெக்கார்டிலிருந்து நேராக எடுத்ததா கேசட்டிலிருந்து எடுத்ததா என்ற கேள்விகள் சாதாரணமாகின. 90 நிமிட நாடா மெல்லியது, சிக்கும் என்பது பரவலான அறிவு. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிடாரைத் தனியாகக் கேட்கப் பழகிய தலைமுறை இது. எவ்வளவு தூரம் என்ற கேள்வியின் இடத்தில் உள்ளே என்னென்ன கேட்கிறது என்ற கேள்வி வந்தது இங்கேதான்.

சோனி வாக்மேன் 1979இல் ஜப்பானில் வெளிவந்தாலும், இப்பகுதியில் அது வெளிநாட்டிலிருந்து வருவோர் கொண்டுவரும் பொருளாகவே நெடுநாள் இருந்தது. தனியாகக் கேட்பது பரவலானது செல்போனோடு. எஃப்.எம். வசதியுள்ள போனில் இயர்போனின் கம்பியே ஆன்டெனா. அதைச் செருகாமல் புதுச்சேரி நிலையம் எடுக்காது. பேருந்து நிலையக் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொள்வது கேசட் பதிவின் கடைசி வாரிசு. 2016 செப்டம்பரில் இரண்டு மாற்றங்கள் ஒரே வாரத்தில் வந்தன: ஜியோவின் மலிவான இணையம் தொடங்கியது, ஹெட்போன் துளை இல்லாத ஐபோனும் அதற்குத் துணையாக ஏர்பாட்ஸும் அறிவிக்கப்பட்டன. கம்பி போனதோடு எஃப்.எம். ஆன்டெனாவும் போனது. அதைக் குறையாகச் சொன்னவர்கள் குறைவு.

சத்தத்தை அடக்கும் நுட்பம் பழையது. பால் லூக் என்ற ஜெர்மானியருக்கு 1936இலேயே அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. வங்காளியின் மகனான அமர் போஸ் 1978இல் விமானப் பயணம் ஒன்றில் அதை ஹெட்போனுக்குக் கொண்டுவர எண்ணினார்; அவர் நிறுவனம் 1989இல் விமானிகளுக்கான கருவியை விற்றது. 2019இல் சோனியின் டபிள்யூ.எஃப்-1000எக்ஸ்.எம்.3, ரூ.24,900 விலையில் வந்த ஏர்பாட்ஸ் ப்ரோ ஆகியவை அதைக் காதுக்குள் அடக்கின. வெளிச் சத்தத்தை மைக் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கிக் கழிப்பதே முறை. சீராக ஓடும், தாழ்ந்த அதிர்வெண் சத்தத்தில்தான் இது நன்றாக வேலை செய்யும். ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் காதை அடைக்கும் ரப்பர் முனைதான் துணை.

இந்த வரம்பைச் சோதிக்க ஜி.எஸ்.டி. சாலையைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடினால் அதன் அடிப்படை உறுமல் 75 ஹெர்ட்ஸ். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில் நல்ல இயர்பட்ஸ் அதை ஏறக்குறைய துடைத்துவிடும். ஆனால் முந்திப் போகும் வண்டி ஏர்ஹாரனை அழுத்தினால், முகவீணை குடியிருந்த அதே உயர் பகுதியில் அது துளைத்துக்கொண்டு உள்ளே வரும். கருவிகளின் விலை வித்தியாசம் பெரும்பாலும் உறுமலைக் கழிப்பதில் தெரிகிறது. ஹாரனில் அவ்வளவாகத் தெரியாது. ரயிலில் வேறு தேவை. விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னைக்குச் சுமார் 160 கிலோமீட்டர் தினமும் போய்வருபவருக்குச் சக்கர இரைச்சல் அடங்க வேண்டும், நிலைய அறிவிப்பு மட்டும் கேட்க வேண்டும். வெளி ஒலியை உள்ளே விடும் வசதி அதற்குத்தான். நடைமேடைக் கூட்டத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை நெரியும்போது, நொடிக்கு 990 கிலோபிட் அனுப்பக்கூடிய எல்.டி.ஏ.சி. என்ற ப்ளூடூத் ஒலியனுப்பும் முறை 330க்கு இறங்கிவிடலாம். பெட்டியின்மேல் அச்சிட்ட பெரிய எண்ணை நம்பி வாங்கியவருக்கு இது தெரிவதில்லை.

ஆய்வகங்கள் செயற்கைக் காதில் இயர்பட்ஸைப் பொருத்தி அளக்கின்றன. பலருக்கும் பிடிக்கும் ஒலிச்சாயலாக ஹார்மன் ஆய்வாளர்கள் வகுத்த வளைவோடு ஒப்பிடுகின்றன. அந்த அளவுகள் பயனுள்ளவை. ஆனால் ரப்பர் முனை காதோடு பொருந்தாமல் சிறு இடைவெளி விட்டால், எந்த விலைக் கருவியிலும் பேஸ் வடிந்துவிடும், சத்தத்தைக் கழிக்கும் திறனும் குறையும். தவிலின் இரண்டு முகமும் பிரிந்து கேட்கிறதா, பறையின் அடி வயிற்றில் விழுகிறதா, உச்சத்தில் நாதஸ்வரம் கீச்சிடாமல் நிற்கிறதா என்று பார்ப்பது இந்த மண்ணின் காதுக்கு ஏற்ற தேர்வு. அதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம்.

வெயிலும் ஒரு தேர்வாளர். ஆப்பிள் தன் ஏர்பாட்ஸுக்கு 35 டிகிரி செல்சியஸ்வரையான சூழலையே பரிந்துரைக்கிறது. சித்திரை வைகாசியில் விழுப்புரம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஐ.பி.எக்ஸ்4 என்ற குறியீடு நீர்த் தெறிப்பைத் தாங்கும் என்று மட்டுமே சொல்கிறது. லித்தியம் பேட்டரி சூட்டில் விரைவாக மூப்படைவதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

பொதுவெளியில் ஒலியின் தூரத்தைச் சட்டமும் சுருக்கியிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55, இரவுக்கு 45 டெசிபெல் என்று வரம்பிட்டு, இரவு 10 முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. கூத்தின் நேரமோ அந்தப் பத்து மணிக்குப் பிறகுதான். விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்வரை நள்ளிரவுவரை மாநில அரசு தளர்வு தரலாம், விடியும்வரை அல்ல. தனிக் கேட்பிலோ காவலுக்கு ஆளில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்று வரம்பு பரிந்துரைத்தன. சத்தத்தைக் கழிக்கும் இயர்பட்ஸ் இதில் உண்மையிலேயே உதவுகிறது: பேருந்து இரைச்சலை மிஞ்சுவதற்காகப் பாட்டைக் கூட்ட வேண்டியதில்லை.

ஆயுள் என்ற அளவுகோலில்தான் புதிய கருவி தோற்கிறது. வால்வு ரேடியோவுக்கு வால்வு மாற்றினார்கள். டேப் ரிகார்டருக்கு ஹெட்டும் பெல்ட்டும் மாற்றினார்கள். கூம்பு ஒலிபெருக்கியின் யூனிட்டில் காயிலைத் திரும்பச் சுற்றினார்கள். ஏர்பாட்ஸையும் ஏர்பாட்ஸ் ப்ரோவையும் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் அமைப்பு, பழுதுபார்க்கும் வசதிக்குப் பத்துக்குப் பூஜ்ஜியம் கொடுத்தது. பசைபோட்டு ஒட்டிய கூட்டுக்குள் இருக்கும் பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்ததும், ரேடியோ மெக்கானிக் கடையாக இருந்து செல்போன் கடையாக மாறிய இடத்தில்கூட அதைத் திறந்து தருவோர் அரிது. அதனால் பலர் விலையுயர்ந்ததை விட்டு, ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைப்பதை வாங்கி, பழுதானால் வேறொன்று வாங்கிக்கொள்கிறார்கள்.