சும்மா இருக்காத கைகள்

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. பிறகு ஒரகடம் வரை பல வயல்கள் தொழிற்சாலைகளாயின. அங்கே நாற்று நட்ட பெண்களுக்கு இன்று எண்பது வயதிருக்கும். நினைவு மங்கியவர்களின் கை முந்தானையை ஓயாமல் பிசையும். "சும்மா இரு" என்று பிடித்து அடக்குவோம். நானும் என் அம்மாவை அப்படித்தான் அடக்கினேன்.

1901-ல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் சேர்ந்த 51 வயது அகுஸ்தேயைக் கவனித்த டாக்டர் அல்சைமர், 1906-ல் இந்நோயை விவரித்தார். நம் நாட்டில் 1992-ல் கேரளத்துக் குன்னங்குளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் இதற்கென ஒரு சங்கம் தொடங்கினார். அச்சங்கத்தின் 2010 அறிக்கை, இந்தியாவில் 37 லட்சம் பேருக்கு மறதிநோய் என்றது.

இங்கிலாந்தில் தன்னார்வலர்கள் கம்பளியில் குழல் போலப் பின்னி, உள்ளும் புறமும் பொத்தானும் நாடாவும் தைத்து மருத்துவமனைகளுக்குத் தருகிறார்கள். இரு கைகளையும் உள்ளே நுழைத்துத் தடவிக்கொண்டிருந்தால் சிலருக்குப் பதற்றம் தணிகிறது. நோய் தீராது; கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

நம் வெயிலுக்குக் கம்பளி வேண்டாம். பழைய நூல் புடவை போதும். பொத்தானை மட்டும் இறுகத் தையுங்கள். பிய்ந்தால் வாயில் போட்டுக்கொள்வார்கள்.

அம்மா இருந்தபோது எனக்கு இது தெரியாது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கலாம்.